நனைந்த வைக்கோல்

அன்புள்ள அண்ணனுக்கு, தங்கை எழுதுவது.

நான் கூப்பிட்டால் போனை எடுக்க மாட்டீர்கள் என்பதால் பால்வண்டிக்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அண்ணிக்கு முதுகுவலி தேவலையா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

வெள்ளம் வடிந்து பத்து நாளாகிறது. எங்கள் மிருகக்காட்சிசாலையின் தீவனக் கிடங்கில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. வைக்கோல், புல்கட்டு எல்லாம் பூஞ்சணம் பிடித்துவிட்டது. அதைப் போட்டால் வரிக்குதிரை வாந்திகூட எடுக்க முடியாமல் சுருண்டுவிடும். வழக்கமாகத் தீவனம் தருகிறவர்களின் வயல்களும் மூழ்கிவிட்டன. புலிக்கும் சிங்கத்துக்கும் எங்கிருந்தோ கறி வந்துவிடுகிறது. இலைதழை தின்கிறவற்றைத்தான் கேட்க நாதியில்லை. அந்தப் பிரிவு முழுக்க என் பொறுப்பு.

ஆமைகள் தாங்கும். பச்சை ஓணானுக்கு என் வாசல் செம்பருத்தி இலை போதும். முயல்கள் தம் புழுக்கையையே இன்னொரு முறை தின்று சமாளிக்கின்றன. யானைக்கு என்ன செய்வேன்? நாளுக்கு நூற்றைம்பது கிலோ கேட்கிற வயிறு. நேற்று அது கொட்டகையின் மரத்தூணை உரித்துத் தின்றுகொண்டிருந்தது.

திங்கட்கிழமை நான் மரக்கிளை வெட்டப் போயிருந்தபோது, பக்கத்துத் தெருக்காரர்கள் பாவப்பட்டு வேலி வழியாக மான்களுக்கு ரொட்டியும் மாவும் கொட்டியிருக்கிறார்கள். புல்லுக்கே பழகிய வயிறு அது. மறுநாளைக்குள் ஐந்து மான்கள் வயிறு உப்பிச் செத்தன. கொட்டியவர்களில் ஓர் அம்மாள், “பசிக்குதேன்னுதாம்மா போட்டேன்” என்று அழுதார்.

நேற்று மருத்துவர் கூப்பிட்டு, “ஞாயித்துக்கிழமைக்குள்ள தீவனம் வரலைன்னா சிலதை ஊசி போட்டு அனுப்பிடணும். எது எதுன்னு நீயே எழுதிக் கொடு, உனக்குத்தான் ஒவ்வொண்ணையும் தெரியும்” என்றார். தாளை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு வரிகூட எழுத முடியவில்லை. அந்தத் தாளில்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

அம்மா போன அன்று நான் வரவில்லை. ஒட்டகச்சிவிங்கி குட்டி போட முடியாமல் தவித்தது. முடித்துவிட்டு ஓடி வந்துவிடலாம் என்று நினைத்தேன். நேரம் தப்பிவிட்டது. “நாலு கால் பிராணிகிட்ட இருக்கிற பாசம் பெத்தவகிட்ட இல்லையா” என்று கேட்டீர்கள். கோபம் என்மேல் இருக்கட்டும் அண்ணா. அதுகள் என்ன செய்யும்?

உங்கள் மேட்டு நிலத்தில் குதிரைமசால் தீவனப்பயிர் அறுப்புக்கு நிற்கிறது என்று பால்வண்டிக்காரர் சொன்னார். உங்கள் மாடுகளுக்குப் போக மிஞ்சுவது எவ்வளவானாலும் சரி, ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்புங்கள். ஆள் கிடைக்காமல் நீங்களே ஓட்டிவர நேர்ந்தால், என் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. வண்டியைப் பின்வாசலில் நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருங்கள். நானே இறக்கிக்கொள்கிறேன். ஒரு கட்டுதான் என்றாலும் வாருங்கள்.

உங்கள் மாடு கன்றெல்லாம் நோய்நொடி இல்லாமல் இருக்கட்டும்.

இன்னும் உங்கள் தங்கைதான்,
நான்.