புகை மெஷினை ஒப்படைச்சாச்சு

சாரம், புதுச்சேரி
12 ஆகஸ்ட் 2024

அன்பு மகள் இஷ்ரத்துக்கு அத்தா எழுதுறது. அஸ்ஸலாமு அலைக்கும்.

போன் பேசலாம்னா, மெஷின் சத்தத்துல என் காது பாதி போயாச்சு. எழுதினா இன்னொரு வசதி, நீ சிரிக்கிறது எனக்குக் கேக்காது.

பத்தொன்பது வருஷமா தோள்ல மெஷினை மாட்டிக்கிட்டு, தெருத்தெருவா கொசுவுக்குப் புகை அடிக்கிறவன் வூட்லயே கொசுப்புழு புடிச்சுட்டாங்க. நேத்து வீடு வீடா தண்ணி பாக்க வந்த எங்க ஆபீஸ் அஞ்சலாட்சி, நம்ம பிரிட்ஜுக்குப் பின்னாடி தண்ணி வடியுற தட்டை உருவி டார்ச் அடிச்சுது. உள்ளே நெளியுது. "என்னா பாய், ஊருக்குப் புகை, வூட்ல புழுப் பண்ணையா?"ன்னு தெருவுக்கே கேக்குற மாதிரி கேட்டுது. பக்கத்து வூட்டுக் கொசு வந்து போட்ட முட்டைன்னு வாதாடிப் பாத்தேன். எடுபடல. கதவுல நோட்டீஸ் ஒட்டிட்டுப் போயிடுச்சு. உங்கம்மா நேத்துலேர்ந்து வாசப்பக்கம் போறதில்ல.

காரைக்கால்ல கொசு ஆபீசரா இருக்கிற நீ, இதை உங்க ஆபீஸ்ல சொல்லிடாதே.

புழு வளர்த்த பாவி,
அன்வருதீன்


காரைக்கால்
20 ஆகஸ்ட் 2024

பாசமுள்ள அத்தாவுக்கு, வ அலைக்கும் ஸலாம்.

சிரிச்சுட்டேன், மன்னிச்சுக்குங்க. ஆனா இப்ப எழுதப்போறதுக்குத்தான் கை வரல.

ஆறு மாசமா இங்க நாலு தெருவுல வாராவாரம் புகை அடிச்சோம், வேற நாலு தெருவுல வீடு வீடா தேங்கின தண்ணியக் கொட்டினோம். புகை அடிச்ச தெருவுல மூணாம் நாளே கொசு திரும்பி வந்துடுது. தண்ணி கொட்டின தெருவுல பாதியாக் குறைஞ்சுடுச்சு. புகை போன தெருவுல காத்தை அளந்தா, தூசி அஞ்சு மடங்கு. அந்தப் புகைக்குள்ளதான் புள்ளைங்க ஓடுதுங்க. காய்ச்சல் கண்ட தெருவுல மட்டும் புகை போதும், மத்த இடத்துல நிறுத்தலாம்னு அறிக்கை எழுதி வச்சிருக்கேன்.

அனுப்பினா புதுச்சேரியிலயும் நிறுத்துவாங்க அத்தா. உங்க தோள்ல இருக்கிற மெஷினும் போயிடும். நீங்க சொல்ற வரைக்கும் அனுப்ப மாட்டேன்.

உங்க இஷ்ரத்


சாரம்
31 ஆகஸ்ட் 2024

இஷ்ரத்துக்கு,

ஒரு வாரம் உம் மேல கோவமா இருந்தேன். தெருவுல நுழைஞ்சா "புகை மாமா வந்துட்டாரு"ன்னு புள்ளைங்க ஓடி வரும். இந்த ஊர்ல எனக்குன்னு இருந்த மவுசு அது ஒண்ணுதான்.

அப்புறம் யோசிச்சேன். வாரம் தவறாம நம்ம தெருவுக்கும் நாந்தானே அடிச்சேன்? பின்ன எப்பிடி நம்ம வூட்ல புழு?

அனுப்பும்மா.

அத்தா


சாரம்
15 அக்டோபர் 2024

அன்பு மகளுக்கு,

நேத்து எங்க ஆபீஸ்ல கூட்டம். உன் அறிக்கையைப் படிச்சாங்க. பேர் படிக்கல, காரைக்கால் அறிக்கைன்னு மட்டும் சொன்னாங்க. என்கூட மெஷின் தூக்குற சாமிக்கண்ணு எழுந்துட்டான். "எவனோ ஏசி ரூம்ல குந்திக்கினு எழுதிட்டான் சார். புகை இல்லாம கொசு சாவுமா? எங்க பாயைக் கேளுங்க!"

எல்லாரும் என்னைப் பாத்தாங்க. எழுந்து, "சரியாத்தான் எழுதியிருக்காங்க சார். என் தெருவுக்கு நானே அடிச்சேன், என் வூட்லயே புழு"ன்னேன். கூட்டமே சிரிச்சுது. அஞ்சலாட்சி மட்டும் சிரிக்காம, "பாய் சொல்றது நெசம். எங்களோட இன்னும் நாலு பேரைப் போட்டு வீடு வீடா அனுப்புங்க சார்"னுச்சு. அதுக்கப்புறம் யாரும் சிரிக்கல.

மெஷினை ஒப்படைச்சாச்சு. வர்ற திங்கக்கிழமைலேர்ந்து நானும் டார்ச்சும் கையுமா அஞ்சலாட்சி பின்னாடி. அதுதான் எனக்கு இப்ப மேஸ்திரி.

சாயந்திரம் டீக்கடையில சாமிக்கண்ணு விடல. "யாருய்யா அந்தக் காரைக்கால் ஆளு? உன்னையே ஒத்துக்க வச்சுட்டானே!"

வாய் வரைக்கும் வந்துச்சும்மா. சொன்னா, பொண்ணுக்காக அப்பன் பேசிட்டான்னு ஆயிடும். ஆறு மாசம் வெயில்ல அலைஞ்சு நீ எண்ணினது ஒண்ணுமில்லாமப் போயிடும். டீயை ஊதி ஊதிக் குடிச்சேன்.

"ஆளு இல்லடா, எம் பொண்ணு"ன்னு மட்டும் சொல்லல.

உன் அத்தா