பின்பக்கத்துப் பிக்கப்

ஐப்பசி, வியாழன்.

இன்னும் நம்ப முடியவில்லை. கம்பியின் அதிர்வை வாங்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் பிக்கப்பைப் புதிதாகப் பொருத்தலாமென்று என் மலிவு விலை பேஸ் கிட்டாரை இன்று பிரித்தேன். பின்பக்கத்துப் பிக்கப்பின் மூடிக்குள் காந்தமில்லை, கம்பிச் சுருளில்லை. வெறும் டப்பா! இத்தனை நாளும் ஒலித்தது முன்பக்கத்துப் பிக்கப் மட்டும்தான். கூட்டத்துக்குக் கூட்டம் அதன் வால்யூமைத்தான் திருகியிருக்கிறேன்.

குத்தகை விவசாயிகள் கூட்டங்களில் எங்கள் குழுதான் பாடும். தலைவர் செல்வராசு அண்ணன் பாட்டுக்கு நடுவிலேயே திரும்பிச் சொல்வார்: "பின்னாடி பிக்கப்பக் கூட்டு தம்பி, கும்முனு வருது." கூட்டுவேன். எனக்கும் கும்மென்றுதான் கேட்கும்.

சாயங்காலம் புதியதைப் பொருத்தி அவரிடம் வாசித்துக் காட்டினேன். முகம் சுளித்தார்.

"என்னத்தப் பண்ணி வச்சிருக்க? அந்தக் கும்மே போச்சேப்பா! நாளைக்கு மன்னார்குடிக் கூட்டத்துக்குப் பழசையே மாட்டிக் கொண்டா."

வீட்டுக்கு வந்து டப்பாவையே மாட்டினேன். திருகிப் பார்த்தேன்.

கும்மென்றுதான் இருக்கிறது.