இருபத்தாறு மணி நேரம்

சேசு மரி சூசை துணை

கச்சிராயபாளையம்
3.9.2025

அன்பு மகள் மெர்லினுக்கு அப்பா பிலவேந்திரன் எழுதறது.

நீ சென்னைக்குப் போயி பதினேழு நாளாச்சு, லெட்டர் ஒண்ணையும் காணோம். ஆஸ்பத்திரியில பத்து நாள் கூட இருந்த, அதக் கொற சொல்லல. ஆனா வூட்டுக்கு வந்ததுலேந்து செவுத்தத்தான் பாத்துக்கினு கெடக்கறேன். வாக்கரப் புடிச்சிக்கினு கக்கூசு வரைக்கும் போறேன், வரேன். பக்கத்து வூட்டு கொளஞ்சியம்மா ரெண்டு வேள சோறு வச்சிட்டுப் போவுது, நின்னு பேசறதில்ல. பேசினாலும் என் காதுக்கு இன்னா கேக்கப் போவுது.

போன்ல நான் பேசறது உனக்கு வருது, நீ பேசறது எனக்கு வரல. அதான் ஞாயித்துக்கெழம ஆனா ஒண்ணாம் நம்பர அழுத்தி, சொல்ல வேண்டியதச் சொல்லிட்டு வச்சிடறேன். பதில நீதான் எழுதணும்.

விழுந்ததப் பத்தி ஜாஸ்தி யோசிக்காத. மோட்டார் கொட்டாயாண்ட வழுக்கிச்சி. விழுந்த கையோட பக்கத்து நெலத்து வீரமணி பாத்துட்டான், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு போயிட்டான். அவ்ளோதான்.

இப்படிக்கு
அப்பா

சென்னை
9.9.2025

அன்புள்ள அப்பாவுக்கு மெர்லின் எழுதுவது.

கோவிச்சுக்காதீங்க. இந்த மாசம் எங்க டீமுக்கு வந்தது முழுக்க இடுப்பு எலும்பு முறிஞ்ச கேஸ்தான். அமெரிக்காவுல கீழ விழுந்த வயசானவங்களோட டாக்டர் குறிப்பைப் படிச்சு, எந்தப் பக்கத்து எலும்பு, எப்படி விழுந்தாங்க, எங்க விழுந்தாங்கன்னு இன்சூரன்சுக்காக ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர் போடணும். குளியலறைன்னா ஒரு நம்பர், தோட்டம்னா வேற நம்பர். தனியா இருக்கறவங்கன்னு டாக்டர் எழுதியிருந்தா அதுக்கும் ஒரு நம்பர் இருக்கு. நாளைக்கு முப்பது பேருக்காவது போடறேன்.

நேத்து உங்க டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பார்த்தேன். பழக்க தோஷம், அதையும் வரி வரியாப் படிச்சேன். இடது தொடை எலும்பு, ஆபரேஷன் தேதி எல்லாம் சரி. ஆனா, விழுந்து இருபத்தாறு மணி நேரம் கழிச்சுக் கொண்டுவந்தாங்கன்னு எழுதியிருக்கு. நீங்க விழுந்த கையோடன்னு சொல்றீங்க.

எங்க வேலையில ஒரு முறை உண்டு. குறிப்பு ரெண்டு விதமா இருந்தா நாங்களா ஒண்ணை முடிவு பண்ணக் கூடாது, எழுதினவரைத்தான் கேக்கணும். கேக்கறப்பவும் 'இப்படித்தானே?'ன்னு பதிலை எடுத்துக் கொடுக்கக் கூடாது. சொல்ல முடியலைன்னு அவர் எழுதினாலும் ஏத்துக்கணும். அதே மாதிரி உங்களைக் கேக்கறேன். நீங்க விழுந்ததுலேருந்து வீரமணி அண்ணன் வந்த வரைக்கும் என்ன நடந்துச்சு?

மாத்திரையை வெறும் வயித்துல போடாதீங்க.

அன்புடன்
மெர்லின்

சேசு மரி சூசை துணை

கச்சிராயபாளையம்
15.9.2025

அன்பு மகள் மெர்லினுக்கு,

இப்படிக் கேட்டா நான் எப்படிப் பொய் எழுதறது.

செவ்வாக்கெழம காலையில பதினோரு மணிக்கு விழுந்தேன். வீரமணி ஆடித் திருவிழாவுக்குன்னு குடும்பத்தோட கரியாலூருக்குப் போயிருந்தான். கரும்பு ஆள் ஒசரம் நிக்குது, ரோட்டுல போறவனுக்கு நான் எங்க தெரியப் போறேன். கத்திப் பாத்தேன். அப்புறம் உனக்குப் போன் போட்டேன்.

"மெர்லினு, மோட்டார் கொட்டாயாண்ட விழுந்துட்டேன், காலு அசைய மாட்டேங்குது, யாரையாவது அனுப்பு"ன்னு சொன்னேன். எப்பவும் போல நீ கேட்டுக்கினு இருக்கன்னு நெனச்சிதான் பேசினேன். மூணு வாட்டி. அதுக்கப்புறம் போன்ல சார்ஜ் இல்ல.

எம் பொண்ணு கேட்டுட்டா, ஆளு வரும்னு காத்துக்கினு இருந்தேன். இருட்டிச்சி, விடிஞ்சிச்சி. மறுநாள் ஒரு மணிக்கு வீரமணி தண்ணி பாய்ச்ச வந்தான். அவன்கிட்டயே காலையிலதான் விழுந்தேன்னு சொன்னேன். டாக்டருகிட்ட மட்டும் மறைக்க முடியல.

ஆஸ்பத்திரியில நீ அந்தப் போனப் பத்திப் பேசல, நானும் பேசல. பெத்த பொண்ணு கேட்டும் ஆளனுப்பலன்னு ஊரு பேசக் கூடாதில்ல. வேலையில இருந்திருப்ப. அதுக்கு மேல நான் கேக்கல.

அப்பா

சென்னை
20.9.2025

அப்பா,

நான் கேக்கல. ஆபீசுக்குள்ள போறப்பவே போனை வாங்கிப் பெட்டியில வச்சுப் பூட்டிடுவாங்க, நோயாளிங்க விவரம் வெளிய போகக் கூடாதுன்னு. நீங்க பேசினப்ப இந்தப் பக்கம் யாருமே இல்லைப்பா.

இதோட நிறுத்தினா நீங்க நம்பிடுவீங்க. ஆனா சாயங்காலம் ஆறு மணிக்குப் போனை வாங்கினப்ப உங்க மூணு மிஸ்டு கால் இருந்துச்சு. ஞாயித்துக்கிழமையைத் தவிர நீங்க கூப்பிடறதே இல்லைன்னு எனக்குத் தெரியும். மடியில சொருகின போன் தானா அழுத்திக்கிச்சுன்னு நெனைச்சுக்கிட்டேன். திருப்பிப் போட்டா உங்களுக்குக் கேக்காது. வீரமணி அண்ணன் நம்பரை எடுத்தேன். போட்டா, அப்பாவைத் தனியா விட்டுட்டு இன்னும் எத்தனை நாளைக்கும்மான்னு கேப்பார். அந்தக் கேள்விக்குப் பயந்துக்கிட்டுப் போடல. தோசை சாப்பிட்டுப் படுத்துட்டேன்.

மறுநாள் அவரே போன் பண்ணி, அப்பா காலையில விழுந்துட்டார்னு சொன்னார். அப்போ முந்தின நாள் கூப்பிட்டது வேற எதுக்கோன்னு எனக்கு நிம்மதிகூட வந்துச்சு. நீங்க ராத்திரி பூரா அங்க கெடந்திருக்கீங்க.

அடுத்த மாசம் நாலாம் தேதி சனிக்கிழமை லீவு கிடைக்கும். நீங்க வரச் சொன்னாத்தான் வருவேன்.

மெர்லின்

சேசு மரி சூசை துணை

கச்சிராயபாளையம்
26.9.2025

மெர்லினு,

லெட்டர் வந்து ரெண்டு நாளாச்சு. திரும்பத் திரும்ப அதையேதான் படிச்சிக்கினு இருக்கேன்.

கோவம் இருக்கு. இல்லன்னு எழுத மாட்டேன். போன் பெட்டியில இருந்துச்சின்னு எழுதினதோட நீ நிறுத்தியிருந்தா எனக்குத் தூக்கமாவது வந்திருக்கும். வீரமணி கேக்கற ஒரு கேள்விக்குப் பயந்தியா? இன்னும் நாலு வரி எழுதினேன், அடிச்சிட்டேன். நீ கேட்டுட்டன்னு நம்பித்தான் அன்னிக்கு ராத்திரியத் தள்ளினேன். மூணு வாட்டியும் நான் தனியாத்தான் பேசியிருக்கேன்னு இப்பதான் தெரியுது. ஆபரேஷன் பண்ண எடத்த விட அதுதான் வலிக்குது.

கொளஞ்சியம்மாவத் திட்ட முடியுமா, செவுத்தத் திட்ட முடியுமா. கோவப்படறதுக்கும் எதிர்ல ஒரு ஆளு வேணும். நாலாம் தேதி வா.

அப்பா