போர்வை கேட்டவள்

என் செல்ல அம்மாவுக்கு,

முட்டிவலி எப்படி இருக்கு? தைலம் தேய்க்கிறியா?

நேத்து ஆவணக் காப்பகத்துல இருந்து என்னை வெளிய அனுப்பிட்டாங்க! பதறாதே. அறுபது வருஷத்துக்கு முன்னாடி வெளியூர் மில்லுல வேலை பார்த்த ஒரு பொண்ணு அவ அம்மாவுக்குக் கைப்பட எழுதின லெட்டர் கிடைச்சுது. சந்தோஷத்துல விசிலடிச்சுட்டேன். "இது தியேட்டர் இல்லம்மா"ன்னு காப்பாளர் கதவைக் காட்டினார்.

லெட்டர்ல, "நான் சௌக்கியம், கவலைப்படாதே, உன் பழைய போர்வையை அனுப்பு"ன்னு இருந்துச்சு. "ஜாலியா இருந்திருக்கா மேடம்!"னு என் பேராசிரியர்கிட்ட குதிச்சேன்.

அவங்க சிரிச்சாங்க. "சௌக்கியம்னு எல்லாரும்தான் எழுதுவாங்க. என்ன கேட்டிருக்கான்னு பாரு. அந்த ஊர் கடையில போர்வையே இல்லையா?"

நான் ரொம்ப சௌக்கியம்மா. உன் தலையணை உறை ஒண்ணு அனுப்பு, துவைக்காம. இந்த லெட்டரை மட்டும் நீ ஆராய்ச்சி பண்ணாதே!

அவசரமா,
உன் வாலு