தரையிலிருந்து எழுவதற்கு

ஞாயிறு
காலையிலிருந்து தூறல். தேயிலைத் தோட்டத்து ஹாலில் பெரியவர்களுக்கான பயிற்சி, கீழே விழாமல் இருக்க. வீட்டுக்காரரைக் கிளப்பிக்கொண்டு போவதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. லோரி ஓட்டியவருக்கு நடக்கச் சொல்லித் தருகிறார்களாம், அவமானமாம்.

போன மாதம் குளியலறையில் விழுந்தார். நான் மலையில் கொழுந்து வெட்டிக்கொண்டிருந்தேன். மத்தியானம் வந்து பார்க்கும்வரை ஈரத் தரையிலேயே கிடந்திருக்கிறார். எலும்பு முறியவில்லை. எழத்தான் தெரியவில்லை. கீழே ஈப்போ டவுனிலிருந்து மகள் தீர்த்துச் சொல்லிவிட்டாள்: "இன்னொரு தடவ அப்பா விழுந்தா ரெண்டு பேரும் இங்க வந்துடணும். பேச்சே கிடையாது." அந்த வெயில், அந்த மாடி வீடு. எங்களுக்கு ஒத்துவராது.

இன்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்கால். பிறகு கோட்டின்மேல் நடை. நன்றாகவே செய்தார், முகத்தை மட்டும் உம்மென்று வைத்துக்கொண்டு. கடைசியில் பயிற்சி தரும் ஃபாரா பாயை விரித்தாள். விழுந்தால் எழுவது எப்படி என்று பழக, எல்லோரும் படுக்க வேண்டுமாம். ஒருவரும் அசையவில்லை. வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீட்டில் இடம் போதாது என்று, சாவு விழுந்தால் அந்த ஹாலில்தான் கிடத்துவோம்.

"செத்தப்புறம் படுத்துக்கறேன்லா," என்றார் இவர். ஒரே சிரிப்பு. பாவம் அந்தப் பெண், தானே படுத்து, தானே எழுந்து காட்டினாள். நானும் படுக்கவில்லை.

செவ்வாய்
பனி. எதிரே செடி தெரியவில்லை. வேலை வாங்கும் கங்காணியின் வாய் மட்டும் கேட்டது.
வாங்க வேண்டியது: தைலம், கருவாடு, அவருக்கு வழுக்காத செருப்பு.

சாயங்காலம் வீட்டிலேயே பழகலாம் என்றேன். நீளவாக்கில் படுத்தால் தலை வடக்கே. குறுக்கே படுத்தால் கால் சாமிப் படத்துக்கு நேராக. "பாத்தியா, வீடே வேணாங்குது," என்று அவருக்குச் சந்தோஷம். எனக்கு வந்ததே கோபம். படத்தைக் கழற்றி வேறு சுவரில் மாட்டினேன். சாமி மன்னிக்கும், மகள் மன்னிக்க மாட்டாள்.

முதலில் நான் படுத்தேன். சிமெண்டு சில்லென்று முதுகில் ஏறியது. இப்படித்தானே அன்று கிடந்திருப்பார். அழுகை வந்துவிட்டது.

"எந்திரி, எந்திரி. பாக்க சகிக்கல."

எழுந்தேன், ஃபாரா காட்டியபடி. பிறகு அவரும் வந்து படுத்தார்.

வியாழன்
மழை. வேலை இல்லை. பகல் சமையல் நேரத்தில் பின்னால் தொப்பென்று சத்தம். அவர்தான். கால் துடைக்கும் மிதியடி தடுக்கியிருக்கிறது.

"எங்கயாச்சும் வலிக்குதா?"

"இல்ல. கை குடு."

கொடுக்கவில்லை. அவர் கனத்துக்கு நானும் விழுந்திருப்பேன். நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டேன். "ஒருக்களிங்க."

"தெரியும்!"

ஒருக்களித்தார். முழங்கை ஊன்றினார். முட்டி. இரண்டு கையும் நாற்காலியில். எவ்வளவு நேரம் ஆனதோ, என் உயிர் என்னிடம் இல்லை. எழுந்து உட்கார்ந்துவிட்டார். சட்டையெல்லாம் வியர்வை. முதலில் சொன்னது: "அவகிட்ட சொல்லிடாத."

மிதியடி குப்பைக்கு.

வெள்ளி
வெயில் எட்டிப் பார்த்தது. துணி காய்ந்தது. மகளின் போன்.

"அப்பா திரும்ப விழலையே?"

எதிரில் அவர், கண்ணாலேயே கெஞ்சிக்கொண்டு. பொய் நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"விழுந்தாரு," என்றேன். அவர் முகம் தொங்கிப்போனது.

"ஐயோ! யாரும்மா தூக்கினது?"

"யாரும் தூக்கல. அவரே எந்திரிச்சாரு."

அவள் குரல் இறங்கியது: "அவரேவா? எப்படிம்மா?"

போனை அவரிடம் நீட்டினேன். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மொதல்ல ஒருக்களிக்கணும்," என்று ஆரம்பித்தார்.