கீழப்பழுவூரில் நின்ற பஸ்

இன்று காலை தஞ்சாவூர் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து, தோலை நகத்தால் கீறி மூக்கருகே வைத்துக்கொண்டாள். டீசல் நாற்றத்துக்கு நடுவே அந்த வாசனை வந்ததும் உன் நினைவு வந்துவிட்டது. உனக்குப் பஸ் பயணம் ஒன்றும் செய்யாது. ஆனாலும் பெரம்பலூரில் ஏறும்போதே ஒரு பழம் வாங்கி வைத்திருப்பாய், அரியலூரில் ஏறப்போகிற எனக்காக. நான் முகம் வெளுத்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, குமட்டல் என்று நினைத்துக்கொண்டாய். வாந்திக்கு எலுமிச்சம்பழம் உண்டு. என் தொல்லை வேறு என்று உன்னிடம் நெடுநாள் நான் சொல்லவில்லை.

எண்பதுகளின் தொடக்கம் அது. தஞ்சாவூரில் நாம் ஒரே பெண்கள் ஹாஸ்டலில் தங்கி மருத்துவம் படித்துக்கொண்டிருந்தோம். நீ வேப்பந்தட்டை. மழையை நம்பிச் சோளமும் பருத்தியும் போட்ட குடும்பம். உங்கள் தெருவிலிருந்து டாக்டருக்குப் படிக்கப் போன முதல் ஆள் நீ. நான் அரியலூரில் அரிசி மண்டி வைத்திருந்தவரின் மகள். ஊருக்குப் போனாலும் திரும்பினாலும் நமக்கு ஒரே பஸ். நீ ஜன்னலோரம் எனக்கு இடம் போட்டு வைத்திருப்பாய். யாராவது உட்கார வந்தால், "ஆளு வருதுங்க" என்று சொல்லும் உன் குரல் பஸ்ஸுக்கு வெளியே நிற்கிற எனக்கே கேட்கும்.

எனக்கு அந்தத் தொல்லை முதல் வருட அனாடமி தேர்வில்தான் தொடங்கியது. மேசை மேசையாக எலும்பும் உறுப்பும் வைத்திருப்பார்கள். மணி அடித்ததும் பார்த்ததை எழுதிவிட்டு அடுத்த மேசைக்கு நகர வேண்டும். ஒவ்வொரு மணிக்கும் என் அடிவயிறு முறுக்கிப் பிழிந்தது. அப்புறம் மணியே தேவைப்படவில்லை. அறிவிப்புப் பலகையில் தேர்வு என்று எழுதினாலே போதும், குளியலறைப் பக்கம் ஓடுவேன். சில வாரம் அப்படி ஓடவைக்கும். சில வாரம் கல்லாகக் கட்டிக்கொள்ளும். பிறகு பஸ்ஸும் சேர்ந்துகொண்டது. நினைத்த இடத்தில் இறங்க முடியாது என்கிற எண்ணம் வந்ததுமே வயிறு விழித்துக்கொள்ளும்.

பெருங்குடலைப் பற்றிப் பக்கம் பக்கமாக ஒப்பித்தோம். சொந்த வயிற்றைப் பற்றி ஒரு வார்த்தை வாயில் வராது. காசநோய்ப் பாடம் நடந்த வாரம் எனக்குக் குடலில் காசநோய். புற்றுநோய்ப் பாடம் நடந்தபோது அழுதுகொண்டே வீட்டுக்குக் கடிதம் எழுதிக் கிழித்துப் போட்டேன். கடைசியில் துணிந்து ஒரு மூத்த மருத்துவரிடம் காட்டினேன். எல்லாச் சோதனையும் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்லம்மா. இரிட்டபிள் கோலன். பதட்டப்பட்டா குடல் முறுக்கிக்கும். நம்ம பசங்கள்ல பாதிப் பேருக்கு இருக்கு. கவலைப்படாம இரு" என்றார். பாதிப் பேருக்கு என்றால் அவர்கள் எல்லாம் எங்கே இருக்கிறார்கள் என்று வகுப்பில் முகம் முகமாகப் பார்த்தேன். எல்லாரும் என்னைப் போலவே நன்றாக மறைத்திருந்தார்கள்.

நீதான் கண்டுபிடித்தாய். "ஏன்டி, ஊருக்குப் போற அன்னைக்கு மட்டும் உனக்கு விரதமா?" என்று கேட்டாய். சொன்னேன். நீ சிரிக்கவில்லை. ஓமத் தண்ணீர் குடி, மோர் குடி என்று வைத்தியமும் சொல்லவில்லை.

"பஸ்ஸுல வந்தா என்ன பண்ணுவ?"

"அடக்கிக்குவேன்."

"அடங்கலன்னா?"

அந்தப் பயத்தில்தான் பட்டினி கிடக்கிறேன் என்று உனக்குப் புரிந்தது.

அந்தப் பொங்கல் லீவு முடிந்து திரும்பிய நாள். தேர்வு நெருங்கியிருந்தது. அம்மாவின் வற்புறுத்தலுக்காக இரண்டு இட்லி சாப்பிட்டிருந்தேன். அரியலூரைத் தாண்டியதுமே வலி ஆரம்பித்துவிட்டது. நிற்க இடமில்லாத கூட்டம். முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தேன். கழுத்தெல்லாம் வியர்வை. கீழப்பழுவூர் வந்தபோது கம்பியை இறுக்கியிருந்த என் கையைப் பார்த்தாய். சட்டென்று எழுந்து நின்றாய்.

"கண்டக்டரே, வண்டியக் கொஞ்சம் நிறுத்தி வைங்க. எனக்கு வயிறு சரியில்ல."

"ஸ்டாப்புல எறங்கிக்கம்மா. பின்னாடியே அடுத்த வண்டி வருது."

"இதே வண்டியிலதாங்க வரணும். போயிட்டு வந்துடறேன், நில்லுங்க."

பின்னாலிருந்து ஆம்பளைகள் சிரித்தார்கள். யாரோ ஏதோ சொன்னார்கள். நீ அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. "துணைக்கு இவளும் வரட்டும்" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கினாய். சாலையோர வீட்டில் ஒரு செம்புத் தண்ணீர் கேட்டு வாங்கினாய். வீட்டுக்குப் பின்னால் கருவேலங்காடு. நீ எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வழியை மறித்து நின்றாய். டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். "வர்றோம்ங்க" என்று நீ குரல் கொடுத்துக்கொண்டே இருந்தாய். திரும்பி ஏறியபோது பஸ்ஸே உன்னைத்தான் பார்த்தது. என்னை யாரும் பார்க்கவில்லை.

அந்த பஸ்ஸில் உங்கள் உறவுக்காரர் ஒருவர் இருந்தது நமக்குத் தெரியாது. பெரம்பலூரில் ஒரு பாங்க்கில் வேலை பார்த்த பையனுக்கு உன்னைக் கேட்டு, பேச்சு ஏறக்குறைய முடிந்திருந்த நேரம். பொண்ணுக்குத் தீராத வயித்து நோயாம், நடுரோட்டில் பஸ்ஸை நிறுத்தி இறங்குதாம் என்று பேச்சு போய்ச் சேர்ந்தது. அவர்கள் விலகிக்கொண்டார்கள். இதை நீ எனக்குச் சொல்லவில்லை. உன் அம்மா எழுதிய கடிதத்தைப் படித்துவிட்டு நீ என் கண்ணில் படாமல் ஒளித்து வைத்ததைப் பார்த்து, விடாமல் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

அடுத்த லீவுக்கு நான் அரியலூரில் இறங்கவில்லை. உன்னோடு வேப்பந்தட்டை வரைக்கும் வந்தேன். வழியெல்லாம் நீ, "வேண்டாம் புள்ள, விட்டுடு" என்றுகொண்டே வந்தாய். உங்கள் வாசலில் உன் அப்பா சின்ன வெங்காயத்தைக் கொட்டித் தாள் அரிந்துகொண்டிருந்தார். பெற்ற தாயிடம்கூடச் சொல்லாததை முன்பின் பழகாத மனிதரிடம் சொன்னேன்.

"அப்பா, அன்னைக்கு பஸ்ஸுல வயிறு சரியில்லாமப் போனது எனக்குங்க. இவளுக்கு ஒண்ணும் இல்ல. எனக்காகத்தான் அப்படிச் சொன்னா."

அவர் அரிவாளைக் கீழே வைத்தார். உன்னைப் பார்த்தார். அப்புறம் என்னிடம், "இப்ப எப்படி இருக்கு ஆத்தா உனக்கு?" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. உன் அம்மாதான், உடனே பெரம்பலூருக்கு ஆள் அனுப்பி விஷயத்தைச் சொல்லவேண்டும் என்றார். நீ ஒத்துக்கொள்ளவில்லை. "இவ வயித்தப் பத்தி ஊரெல்லாம் போயி சொல்லணுமா? பஸ்ஸ நிறுத்தினதுக்கே பயந்து ஓடினவன், நாளைக்கு நான் பிரசவ கேஸுக்கு ஓடினா என்ன பண்ணுவான்? போகட்டும்மா."  உன் அப்பா அரிவாளை எடுத்து மறுபடி வெங்காயத் தாள் அரிய உட்கார்ந்தார். அந்தச் சம்பந்தம் அதோடு போனது. உனக்கு வருத்தமே இல்லை என்று நான் நம்பிவிடவில்லை. அந்தப் பையனை உனக்குப் பிடித்திருந்தது என்று எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு உன்னைப் பெரம்பலூரில் பஸ் ஏற்றிவிட வரும்போதெல்லாம் உன் அப்பா கண்டக்டரிடம் போய் நிற்பாராம். "அரியலூர்ல ஒரு பொண்ணு ஏறும் தம்பி. அது எங்க நிறுத்தச் சொன்னாலும் நிறுத்திடுங்க" என்பாராம். காரணம் எதுவும் சொல்வதில்லையாம். நீ இதைச் சொன்ன நாளிலிருந்து நான் சாப்பிட்டுவிட்டே பஸ் ஏறினேன். நிறுத்துவார்கள் என்று தெரிந்த பஸ்ஸை என் வயிறு ஒருநாளும் நிறுத்தச் சொல்லவில்லை. அந்த மருத்துவர் கவலைப்படாதே என்றார். எப்படிக் கவலைப்படாமல் இருப்பது என்பது உன் அப்பா கண்டக்டரிடம் பேசியபோதுதான் எனக்குத் தெரிந்தது.

தேர்வு அறையில் அப்படிச் சொல்லிவைக்க யாரும் இல்லை. அங்கே வலி வந்துகொண்டுதான் இருந்தது. அதோடேயே தேறினேன். நீ மூன்று வருடம் கழித்து ஒரு வாத்தியாரைக் கட்டிக்கொண்டாய். பெரம்பலூர் சுற்றுவட்டாரத்தில் அரசு வேலை பார்த்து ஓய்வு பெற்றாய். இந்த நோய்க்கு ஐ.பி.எஸ். என்ற பெயர் எல்லார் வாயிலும் புழங்க ஆரம்பித்த பிறகு, என் வீட்டுக்கு போன் செய்து, "ஐ.பி.எஸ். அதிகாரி இருக்காங்களா?" என்று கேட்பாய். என் கணவருக்குக் கடைசிவரை அந்தக் கிண்டல் புரியவில்லை.

என் ஆஸ்பத்திரிக்கு இப்போது டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் இதே தொல்லையோடு வருகிறார்கள். எண்டோஸ்கோப்பி, ஸ்கேன் எல்லாம் எடுத்துக்கொண்டு, பெற்றோரை வெளியே உட்காரவைத்துவிட்டு வருகிறார்கள். அந்தக் காகிதங்களை நான் அப்புறம்தான் பார்க்கிறேன். முதலில் என் கதையைச் சொல்கிறேன். உன் பெயரைச் சொல்லாமல் உன்னையும் சொல்கிறேன். பாதிக் கதையிலேயே தோள் தளர்ந்து அவர்கள் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள்.

போன ஐப்பசியில், நெஞ்சு வலி என்று சொன்ன அன்றே நீ போய்விட்டாய். தகவல் வந்ததும் என் வயிறு பழையபடி முறுக்க ஆரம்பித்துவிட்டது. அந்தக் காலத்து நான் என்றால் உன் சாவுக்கு வந்திருக்கவேமாட்டேன். வந்தேன். உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது தாங்க முடியாமல் போனது. வீடு நிறையக் கூட்டம். அருகில் இருந்த, யாரென்று தெரியாத அம்மாளிடம், "பாத்ரூம் எங்கம்மா இருக்கு? எனக்கு அவசரம்" என்றேன். சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அம்மாள் எழுந்து, கூட்டத்தை விலக்கி என்னைக் கூட்டிக்கொண்டு போனார். முகம் கழுவித் திரும்பி வந்து, உன்னைத் தூக்கும்வரை உன் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருந்தேன்.