வெள்ளைக் காரின் மஞ்சள் விளக்கு

10-10-16 திங்கள். ஆயுத பூஜை

மூட்டம். மழை இல்லை. மகன் சேகர் நைட் ஷிப்ட் முடிந்து வந்து படுத்துவிட்டான். மருமகள் கலா அடுப்படியில் சுண்டல். காரை நானே கழுவினேன். மேலே மட்டும் கழுவினால் போதுமா? முன்மூடியைத் திறந்து உள்ளேயும் குழாய் வைத்து அடித்தேன். திறக்க எனக்குத் தெரியும், வீட்டுக்காரர் காட்டியிருக்கிறார். அவர் இருந்தவரை உள்ளே துணியால் துடைப்பதோடு சரி. "எஞ்சின் மேல தண்ணி ஆவாது" என்பார். பயந்த மனுஷன். பதினைந்து வருஷத்து அனல்மின் நிலையச் சாம்பலும் கரியும் வழிந்து ஓடியது. எஞ்சின் இப்போது எவர்சில்வர் குடம் மாதிரி. சந்தனம், குங்குமம், பூசணிக்காய்.

குடியிருப்பில் இந்த பிளாக்கிலேயே முதல் கார் எங்களுடையது. முன்சீட்டில் நான் ஏறி உட்கார்ந்தால் வராண்டா முழுக்கப் பெண்கள் நிற்பார்கள். இப்போது பக்கத்து வூட்டு சுசீலா சொல்கிறாள், "கலா டீச்சர் கார் பளபளன்னு இருக்குதுக்கா." கலா டீச்சர் கார்.

பி.பி. மாத்திரை தீர்ந்தது.

13-10-16 வியாழன்

கூட்டு உப்பு ஜாஸ்தி. சொன்னேன்.

காரில் மஞ்சள் விளக்கு எரிகிறதாம். நானும் போய்ப் பார்த்தேன். தண்ணி மோட்டார் மாதிரி ஒரு படம். கலா குறிஞ்சிப்பாடி பள்ளிக்கூடத்துக்கு ஓட்டிக்கொண்டு போய் வந்தாளே, பாதி வழியில் வந்ததாம். வண்டி உதறுகிறது. பின்னால் பெட்ரோல் நாற்றம்.

"தெரிஞ்சவங்க ஓட்டணும்" என்றேன்.

"ஆறு மாசமா நான்தான ஓட்டறேன் அத்தை."

"அதான். ஆறு மாசம் தாங்கிச்சி."

மேல்பட்டாம்பாக்கத்தில் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுகிறவன் மகள். பி.எட். படித்துவிட்டால் கார் வந்துவிடுமா? ராத்திரி தோசை நாலு. ருசியாக இருந்தது.

14-10-16 வெள்ளி

இந்த மாசக் கடைசியோடு காருக்குப் பதினைந்து வருஷம். எஃப்.சி. புதுப்பிக்க வேண்டும். அதற்குப் புகை சர்ட்டிபிகேட் வேண்டும். இல்லாவிட்டால் ரோட்டில் எடுக்கக் கூடாதாம். சேகர் பெட்ரோல் பங்குக்கு ஓட்டிப்போனான். நான் முன்சீட்டில். கலா பின்னால். விளக்கு கண்ணைக் குத்துகிறதென்று தன் ஸ்டிக்கர் பொட்டை எடுத்து அதன்மேல் ஒட்டி வைத்திருக்கிறாள். நெற்றிக்கு வைப்பதைக் கொண்டுபோய்.

அங்கே பையன் சைலன்சருக்குள் குச்சியை விட்டான். கம்ப்யூட்டரைப் பார்த்தான். உதட்டைப் பிதுக்கினான்.

"பெயிலு சார். பெட்ரோல் எரியாமலே வெளிய வருது. மெக்கானிக்க விட்டுப் பாருங்க."

வரும்போது சேகரிடம் சொன்னேன், "எந்நேரமும் கிளச்சிலயே கால வச்சிக்கினு ஓட்டினா என்னாவும்?" கிளச் எது என்று எனக்குத் தெரியாது. கண்ணாடியில் அவள் முகம் பார்த்தேன். சிவந்திருந்தது.

வெங்காயம் ஒரு கிலோ.

15-10-16 சனி

சேகர் பர்ஸ்ட் ஷிப்ட். அவளுக்கும் பள்ளிக்கூடம் உண்டு, பஸ்ஸில் போனாள். மெக்கானிக் பாண்டியன் வந்தான், மந்தாரக்குப்பத்துப் பையன். காரில் ஒரு பெட்டியைச் சொருகிப் பார்த்தான். அப்புறம் மூடியைத் திறந்து எதையோ கழற்றினான். கூப்பிட்டான்.

"ஆயா, இங்க பாருங்க. ப்ளக் குழியில தண்ணி நிக்குது. குழாய் வச்சி அடிச்சது யாரு?"

"மழைத் தண்ணியா இருக்கும்."

"இந்த வருஷம் மழை எங்க ஆயா பேஞ்சிது?" சிரிக்கிறான் கழுதை.

தண்ணீரை எடுத்து, காற்றடித்துக் காயவைத்து, ப்ளக்கும் வயரும் மாற்றினால் விளக்கு தானாக அணைந்துவிடுமாம். புகையும் பாஸ் ஆகுமாம். அரை நாள் வேலை. இப்படியே ஓட்டினால்தான் சைலன்சரில் இருக்கிற சல்லடை வெந்துபோகுமாம்.

"இப்ப ஒண்ணும் செய்யாத. நான் சொல்லி அனுப்பறப்ப வா" என்றேன். காபி கொடுத்தேன், நுரையோடு.

சாயங்காலம் சேகர் கேட்டான். சொன்னேன்: "எஞ்சின் போச்சுன்னான். ஓட்டத் தெரியாம ஓட்டிக் கருக்கிட்டாங்கன்னான்."

"அப்படியா சொன்னாரு?" என்றாள் கலா.

"நான் என்ன மெக்கானிக்கா, கதை கட்ட?"

சேகர் கையை நீட்டினான். சாவியை வைத்தாள். சாவி இப்போது என் சுருக்குப் பையில். பஸ் பழகட்டும். ஒரு வாரம் போகட்டும், பாண்டியனைக் கூப்பிட்டுத் துடைக்கச் சொன்னால் ஆயிற்று. மாசக் கடைசிக்கு நாள் இருக்கிறது. அப்புறம் சேகர் மட்டும் ஓட்டுவான். முன்சீட்டில் நான்.

17-10-16 திங்கள்

வெயில். வராண்டாவில் நின்று பார்த்தேன். பஸ் ஸ்டாப்பில் கலா. இஸ்திரி போட்ட காட்டன் புடவை. ஏறும்போதே கூட்டம் அதை ஒரு வழி பண்ணிவிட்டது. டிபன் பை வெளியே தொங்கிக்கொண்டு போனது.

சாயங்காலம் கேட்டேன், "உக்கார எடம் கெடைச்சிச்சா?"

"கெடைச்சிச்சி அத்தை."

பொய். காலைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு தோட்டத்துப் பக்கம் போய் யாரிடமோ போன். என்னைப் பார்த்ததும் வைத்துவிட்டாள். அம்மாவிடம் ஒப்பாரியாக இருக்கும். வைக்கட்டும்.

பேத்தி கணக்கில் நூற்றுக்கு நூறு. என் மூளை. ஐந்தாவதோடு நிறுத்தினார்கள் என்னை, இல்லாவிட்டால்.

19-10-16 புதன்

சாப்பாட்டுக்குப் பிறகு சேகர் சொல்கிறான், "ம்மா, காருக்கு ஆள் பாத்துட்டேன். பண்ருட்டி புரோக்கர். ஞாயித்துக்கெழம வரான்."

"எதுக்கு?"

"எதுக்குன்னா? விக்கறதுக்குத்தான். பதினஞ்சு வருஷ வண்டிக்கு எஞ்சின் வேலை யாரு பாப்பா?"

"உங்கப்பா வாங்கின கார்டா."

"அதுக்கு? பிரேம் போட்டு மாட்டலாமா?"

"இன்னொரு மெக்கானிக்கிட்ட காட்டலாம். இவனுங்க ஆயிரம் சொல்லுவானுங்க."

"அப்ப எஞ்சின் போச்சுன்னு பாண்டியன் சொல்லலையா?"

கலா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். கை நின்றது. என்னையே பார்த்தாள். சேகரும் பார்த்தான். தண்ணி என்று ஒரு வார்த்தை சொன்னால் கார் நிற்கும். அதற்கடுத்து யார் அடித்தது என்று கேட்பான்.

"சொன்னான்" என்றேன்.

அவள் பூண்டு உரிக்க ஆரம்பித்தாள்.

23-10-16 ஞாயிறு

புரோக்கர் வந்தான். தங்கப் பல். சேகர் கையெழுத்துப் போட்டுவிட்டு செகண்ட் ஷிப்டுக்குப் போய்விட்டான். "சாவி எங்கம்மா?" என்று போகுமுன் அவன் கேட்டபோது சுருக்குப் பை முடிச்சு அவிழவே இல்லை. கலாதான் அவிழ்த்தாள்.

புரோக்கர் கூட்டி வந்த மெக்கானிக் யார்? பாண்டியன். என்னைப் பார்க்காமல் மூடியைத் திறந்தான். துடைத்தான், காற்றடித்தான், புது ப்ளக் போட்டான். சாவி போட்டதும் வண்டி உதறவில்லை. அவர் இருந்தபோது எப்படி இருந்ததோ அதே சத்தம். பாண்டியன் பொட்டை நகத்தால் பிய்த்தான். அடியில் விளக்கு எரியவில்லை.

"வெண்ணெய் மாதிரி வண்டி. இதப்போய் வித்தாங்களே" என்று புரோக்கர் சிரித்தான். முன்சீட்டில் பழைய டயர் ஒன்றைப் போட்டுக்கொண்டு போனான். நான் உட்காருகிற சீட்டில்.

கலா என் பக்கத்தில்தான் நின்றாள். மெதுவாகச் சொன்னாள்.

"தண்ணிதான்னு பாண்டியன் திங்கக்கெழமையே போன்ல சொல்லிட்டாரு அத்தை. நீங்க சொல்வீங்கன்னு பாத்துக்கினே இருந்தேன். பூண்டு உரிக்கறப்பகூட."

"தெரிஞ்சா உன் புருஷன்கிட்ட சொல்ல வேண்டியதுதான?"

"எதுக்கு? கார் வித்த காசுல எனக்கு ஸ்கூட்டர் வாங்கித் தரேன்னு சொல்லிட்டாரு. அதுல முன்சீட்டு கெடையாது அத்தை."

சாப்பிடவில்லை. யாரும் கேட்கவில்லை.

24-10-16 திங்கள்

மூட்டம். கார் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை, சுற்றிலும் காய்ந்த இலை. பஸ்ஸுக்குக் கிளம்பும்போது கலா கேட்டில் நின்று சொன்னாள், சுசீலா கேட்கட்டும் என்று சத்தமாக:

"அத்தை, அந்தக் கறைய கொஞ்சம் கழுவி வுட்டுடுங்க. குழாய் வச்சி அடிக்கறது உங்களுக்கு நல்லா வருமே."

"ஆமா, அக்கா கழுவினா கழுவினதுதான்" என்றாள் சுசீலா. அவளுக்கு ஒன்றும் தெரியாது.

தண்ணீர் வந்ததும் குழாய் போட்டேன். கறை பரவுகிறதே தவிரப் போகவில்லை. சோப்புத்தூள் வாங்க வேண்டும்.